கிளை பிரியுமுன்: ‘டு மெகா தெரியன்’ இசைத்தட்டு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இசையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வகைப்பெயர்களிலிருந்தே தொடங்குகின்றனர். பெயர் முன்னே நிற்க, ஓசை பின்னே வந்து அதனுள் அடங்குவதுபோன்ற ஒரு தோற்றம் இதனால் உண்டாகின்றது. மெற்றல் இசையின் கடுமையான எல்லையில் நிற்கும் பிளக் மெற்றல், டெத் மெற்றல் என்னும் இரு பிரிவுகளைப் பற்றிய எழுத்துக்களில் இம்மயக்கம் நன்கு புலப்படும. இரண்டின் இயல்புகளையும் ஒருங்கே கொண்ட இசைத்தட்டு எதுவாயினும் அது ‘கலப்பு’ என்றே குறிக்கப்படுகின்றது. இச்சொல் தன்னுள் ஒரு வரலாற்றுக் கூற்றை ஒளித்து வைத்திருக்கின்றது. முதலில் இரண்டு தூய பொருள்கள் தனித்தனியே இருந்தன, பின்னர் எவரோ அவற்றைச் சேர்த்தனர் என்பதே அக்கூற்று. அது பிழையானது என்பதும், பிரிவே காலத்தாற் பிந்தியது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும். சான்றாக எடுத்துக்கொள்ளப்படுவது, சுவிற்சர்லாந்தின் செல்ற்றிக் ஃபுரொஸ்ற் என்னும் குழுவினர் 1985 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வெளியிட்ட ‘டு மெகா தெரியன்’ என்னும் இசைத்தட்டாகும்.

இன்றைய வழக்கில் இவ்விரு பிரிவுகளின் இலக்கணம் ஓரளவு தெளிவானது. பிளக் மெற்றலில் குரல் மேல்நிலையிற் கீறலாய் ஒலிக்கும். கிற்றார்த் தந்திகள் இடையறாது அதிர்ந்து, சுரங்கள் ஒன்றோடொன்று கரைந்து பனிமூட்டம்போற் பரவும். ஒலிப்பதிவு வேண்டுமென்றே மெலிந்ததாகவும் கரடுமுரடாகவும் விடப்படும். டெத் மெற்றலில் குரல் அடித்தொண்டையிலிருந்து உறுமலாய் எழும். தந்திகள் சுருதி தாழ்த்தப்பட்டு, உள்ளங்கையால் ஒடுக்கப்பட்டு, கனத்த துண்டங்களாக இசைக்கப்படும். தாளகதி திடீர் திடீரென மாறும். ஒலிப்பதிவு திண்மையை நாடும். ஒன்று குளிரையும் தொலைவையும் நாடுகின்றது எனவும், மற்றையது உடலையும் அதன் அழிவையும் நாடுகின்றது எனவும் சுருக்கமாகக் கூறலாம்.

இவ்விலக்கணத்தை மனத்திற் கொண்டு ‘டு மெகா தெரியன்’ இசைத்தட்டைக் கேட்கத் தொடங்குபவர் தடுமாறுவார். நானும் தடுமாறினேன். முதலில் எழுவது பிரெஞ்சுக் கொம்பின் நெடிய முழக்கமும் டிம்பனி முரசின் அதிர்வும். அவற்றின் கீழே கிற்றார் மெல்ல ஊர்கின்றது. ஏதோ ஒரு பேரரசனின் இறுதி ஊர்வலம் தொலைவில் வருவது போன்ற இம்முன்னுரை ஏறத்தாழ ஒரு நிமிடமே நீடிக்கின்றது. அது ஓய்ந்ததும் ‘த யூசர்ப்பர்’ என்னும் பாடல் கனத்த அடியுடன் தொடங்குகின்றது. விடுதி அறையில் உடனிருந்த நண்பர் ஒலிபெருக்கி பழுதடைந்துவிட்டதா என்று வினவியது இவ்விடத்திலேதான். அவ்வினா முற்றிலும் தவறானதன்று. கிற்றாரின் ஒலி அத்துணை அடர்த்தியாகவும் சேறுபடிந்ததாகவும் உள்ளது.

பாடகரும் கிற்றார்க் கலைஞருமான தோமஸ் கபிரியேல் ஃபிஷரின் குரலை எந்தப் பிரிவில் அடக்குவது? அது கீறலுமன்று, உறுமலுமன்று. சொற்களை ஆணையிடுவதுபோல் உதிர்க்கும் ஒரு கரகரத்த முழக்கம் அது. வரிகளுக்கிடையே அவர் வயிற்றிலிருந்து வெளியிடும் குறுகிய முக்கல், பிற்காலத்தில் எண்ணிறந்த டெத் மெற்றல் குழுக்களாற் பின்பற்றப்பட்டது. ‘டோன் ஒவ் மெகிடோ’ என்னும் பாடல் நெடுந்தூரம் நடந்து களைத்த படைபோல் மெதுவாக நகர்கின்றது. ‘சேர்க்கிள் ஒவ் த ரைறன்ற்ஸ்’ என்னும் பாடலிலோ வேகம் மும்முறை, நான்குமுறை மாறுகின்றது. அமெரிக்கரான றீட் சென் மார்க்கின் முரசு ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே அறிவிக்காது நிகழ்த்துகின்றது. ‘ரியர்ஸ் இன் எ புரொபெற்ஸ் டிறீம்’ என்பதைப் பாடல் என்பதே கடினம். எதிரொலிகளும் முனகல்களும் மட்டுமே கொண்ட ஓர் ஒலிப்படலம் அது. இறுதிப் பாடலான ‘நெக்றோமன்ரிக்கல் ஸ்கிறீம்ஸ்’ இல் ஒரு பெண்குரல் கிற்றார்களுக்கு மேலே எழுந்து நிற்கின்றது. பிளக் மெற்றலின் அச்சந்தரும் சூழலும் டெத் மெற்றலின் எடையும் இங்கே உள்ளன. ஆனால் இரண்டையும் தைத்த தையல் எங்கும் தென்படவில்லை. தைக்கப்பட வேண்டிய இரு துணிகள் அன்று இருக்கவில்லை என்பதே காரணம்.

இவ்வோசை தோன்றிய சூழலைச் சிறிது நோக்கவேண்டும். சூரிச் நகருக்கு அண்மையிலுள்ள நூரென்ஸ்டோர்வ் என்னும் சிற்றூரைச் சார்ந்து 1982 இல் ஃபிஷர் உருவாக்கிய ஹெல்ஹமர் என்னும் குழுவே இதன் முன்னோடி. பின்னர் மார்ற்றின் எரிக் எய்ன் அவருடன் இணைந்தார். செல்வமும் ஒழுங்கும் மிக்க நாடாக உலகம் அறிந்த சுவிற்சர்லாந்தில், அச்செல்வத்தின் ஓரத்தில் வளர்ந்த இளைஞர் ஃபிஷர். தம் இளமைக்கால வறுமையையும் தனிமையையும் பற்றிப் பின்னாளில் அவரே தமது நூலில் விரிவாக எழுதியுள்ளார். இசைக்கருவிகளைக் கையாள்வதில் அவர்கள் அப்போது தேர்ச்சி பெற்றிருக்கவில்லை. 1984 இல் வெளிவந்த ஹெல்ஹமரின் குறுந்தட்டை மெற்றல் சஞ்சிகைகள் சில கடுமையாக எள்ளி நகையாடின. அதே ஆண்டிலேயே அக்குழுவைக் கலைத்து, செல்ற்றிக் ஃபுரொஸ்ற் என்ற புதிய பெயருடன் இருவரும் தொடங்கினர்.

அவர்கள் எதைக் கேட்டு வளர்ந்தார்கள் என்பது நமது வாதத்திற்கு முதன்மையானது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து வெனம் குழு ஒருபுறம். டிஸ்சார்ஜ் என்னும் பங்க் குழுவின் போர் எதிர்ப்புக் கூச்சல் மறுபுறம். இவற்றோடு பிரித்தானியக் கோதிக் இசையின் இருண்ட மென்மை. அவர்களின் இசைத்தட்டுக்களை வெளியிட்ட மேற்குப் பேர்லினின் நொய்ஸ் நிறுவனத்தின் நிறுவுநரும் முன்னர் பங்க் இசைத்தட்டுக்களை வெளியிட்டவரே. ‘டு மெகா தெரியன்’ அந்நகரிலேயே 1985 செப்ரெம்பரில் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. எய்ன் அவ்வேளை குழுவில் இருக்கவில்லை. பாஸ் கிற்றாரை டொமினிக் ஸ்ரைனர் வாசித்தார். ஆகவே நாம் ஊற்றெனக் கொள்ளும் இவ்விசைத்தட்டே பல ஊற்றுக்களின் சேர்க்கையாகும். கிரேக்க மொழியிற் ‘பெருவிலங்கு’ எனப் பொருள்படும் தலைப்பு, விவிலியத்தின் வெளிப்பாட்டு நூலிலிருந்து ஆங்கிலேய மறைஞானி அலிஸ்ரர் குரோலி வழியாக வந்தது. அட்டையை அலங்கரிப்பது சுவிற்சர்லாந்து ஓவியர் எச். ஆர். கீகர் 1977 இல் வரைந்த ஓர் ஓவியம். சிலுவையிலறையப்பட்ட இயேசுவின் உருவைக் கவண்போற் பிடித்திருக்கும் சாத்தானை அது காட்டுகின்றது. ‘ஏலியன்’ திரைப்படத்துக்காக ஒஸ்கார் விருது பெற்றிருந்த கீகர், அறியப்படாத சில இளைஞர்கள் எழுதிக் கேட்டபோது தம் ஓவியத்தைப் பயன்படுத்த அனுமதித்தார். இந்நட்பு 2014 இல் கீகர் மறையும் வரை நீடித்தது.

வகைப்பெயர்கள் அக்காலத்தில் எவ்வளவு நெகிழ்ச்சியாக இருந்தன என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1984 இல் நொய்ஸ் நிறுவனம் ‘டெத் மெற்றல்’ என்ற பெயரில் ஒரு தொகுப்புத் தட்டை வெளியிட்டது. அதில் ஹெல்ஹமருடன் இடம்பெற்ற குழுக்களுள் ஒன்று ஹலோவீன். இனிய மெட்டுக்களுக்கும் உயர்ந்த குரலுக்கும் பின்னர் பெயர்பெற்ற அந்த யேர்மன் குழுவை இன்று டெத் மெற்றல் என்றால் எவரும் நகைப்பர். ‘பிளக் மெற்றல்’ என்பதும் 1982 இல் வெனம் வெளியிட்ட ஓர் இசைத்தட்டின் பெயர் மட்டுமே. 1985 இல் கலிபோர்ணியாவின் பொசெஸ்ட் குழு தன் முதலாவது இசைத்தட்டில் ‘டெத் மெற்றல்’ என ஒரு பாடலைச் சேர்த்தது. அதன் பொருளோ சாத்தானும் நரகமும், அதாவது இன்று நாம் பிளக் மெற்றலுக்குரியதெனக் கருதுவன.

நமது இலக்கிய வரலாற்றோடு பழகியோர்க்கு இது புதிதாயிராது. குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு என்று அகப்பாடல்களை அடியளவால் வகுத்தவர்கள் பாடியவர்களல்லர், பின்வந்த தொகுப்பாளர்களே. கபிலர் தாம் குறுந்தொகைக்குப் பாடுகின்றோம் என எண்ணிப் பாடியிருக்க இயலாது.

எனின், பிரிவு எப்போது நிகழ்ந்தது? 1990 அளவில் டெத் மெற்றல் ஒரு முதிர்ந்த தொழிலாகிவிட்டது. புளோரிடாவின் தம்பா நகரிலும் சுவீடனின் ஸ்ரொக்ஹோமிலும் அதற்கெனவே பெயர்பெற்ற ஒலிப்பதிவுக் கூடங்கள் இருந்தன. புளோரிடாவின் ஒபிற்றுவரி குழு அவ்வாண்டு வெளியிட்ட இசைத்தட்டில் ‘சேர்க்கிள் ஒவ் த ரைறன்ற்ஸ்’ பாடலை மீளப் பாடித் தன் மூதாதை யாரென்று வெளிப்படையாக அறிவித்தது. நோர்வேயின் டார்க்துறோன் குழு ஸ்ரொக்ஹோமிற் பதிவுசெய்து 1991 இல் வெளியிட்ட முதற் தட்டும் டெத் மெற்றலே. ஆனால் 1992 இல் அதே குழு வெளியிட்ட ‘எ பிளேஸ் இன் த நோர்தேர்ண் ஸ்கை’ கறுப்பு வெள்ளை அட்டையுடனும் மெலிந்த, உறைந்த ஒலியுடனும் பிளக் மெற்றலின் பிரகடனமாக வெளிவந்தது. அடுத்த டெத் மெற்றல் தட்டுக்கென ஒத்திகை பார்க்கப்பட்டிருந்த பாடல்கள் கைவிடப்பட்டு, 1996 இலேயே வெளியாகின. இதில் ஒரு நகைமுரண் உண்டு. தூய பிளக் மெற்றலின் தொடக்கம் எனக் கொண்டாடப்படும் அத்தட்டிலேயே பழைய டெத் மெற்றற் பகுதிகள் பல எஞ்சிக் கிடக்கின்றன. செல்ற்றிக் ஃபுரொஸ்ற்றின் நடையும் அதில் தெளிவாகக் கேட்கின்றது. குழுவின் முரசுக் கலைஞர் ஃபென்றிஸ் அக்கடனை ஒருபோதும் மறைத்ததில்லை.

இம்மாற்றம் ஓசையளவில் மட்டும் நின்றிருந்தால் அதனை ஓர் அழகியற் போக்கெனக் குறித்து அப்பாற் செல்லலாம். ஒஸ்லோவில் 1991 இல் மேஹெம் குழுவின் ஒய்ஸ்ரைன் ஓர்செத் திறந்த இசைத்தட்டுக் கடையைச் சூழ்ந்து கூடிய இளைஞரிடையே அது ஒரு கொள்கையாயிற்று. டெத் மெற்றல் குழுக்கள் விளையாட்டுடை அணிந்து மேடையேறுவோர், சமூக அக்கறை பேசுவோர், போலிகள் என இகழப்பட்டனர். உண்மையானது, பொய்யானது என்ற இரண்டே வகைகள் எஞ்சின. 1992 யூன் 6 ஆம் திகதி பேர்கன் நகரின் ஃபன்தொஃப்ற் மரத் தேவாலயம் எரிந்தது. வேறு தேவாலயங்களும் தொடர்ந்து எரியூட்டப்பட்டன. 1993 ஓகஸ்ற் 10 ஆம் திகதி ஓர்செத் கொலையுண்டார். அவரைக் கொன்றவர் வெளியார் எவருமல்லர். அவரது குழுவின் இசைத்தட்டில் பாஸ் கிற்றார் வாசித்த வார்க் விக்கேர்னெஸ். கொலைக்கும் தேவாலய எரிப்புக்குமாக 1994 இல் அவருக்கு 21 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இக்குற்றங்களுக்கு இசை வகைப்பாடு காரணம் என்று கூறுவது அபத்தம். ஆயினும் இன்று நாம் சாதாரணமாக எடுத்தாளும் அவ்வெல்லைக்கோடு இக்கடையிலும் இவ்வாண்டுகளிலும் இம்மனநிலையிலும் வரையப்பட்டது என்பதை மறந்து ‘கலப்பு’ என்ற சொல்லை வழங்குவது சரியன்று. தூய்மையை அளவுகோலாகக் கொண்டவர்களின் அகராதியிலிருந்தே அச்சொல் நமக்கு வந்து சேர்ந்தது.

மையங்களுக்கு வெளியே இக்கோடு அவ்வளவாகச் செல்லுபடியாகவில்லை. இராணுவ ஆட்சி 1985 இல் முடிவுற்ற பிரேசிலில், பெலோ ஒறிசொந்தே நகரின் சார்க்கோஃபாகோ குழு 1987 இல் வெளியிட்ட ‘ஐ. என். ஆர். ஐ.’ இசைத்தட்டை எந்தப் பிரிவிலும் ஐயமின்றிச் சேர்க்கமுடியாது. கனடாவின் பிளாஸ்ஃபெமி குழு 1990 இல் வெளியிட்ட தட்டும் அத்தகையதே. இவர்கள் எதையும் கலக்கவில்லை. பிரிவினையைப் பற்றிக் கவலைப்படாதிருந்தனர். கோடு வரையப்பட்ட பின்னர், அதன் இருபுறத்தையும் அறிந்து இணைத்தோர் எனச் சுவீடனின் டிசெக்சன் போன்ற சில குழுக்களையே கூறலாம். கலப்பு என்ற சொல் அவர்களுக்குப் பொருந்தும்.

செல்ற்றிக் ஃபுரொஸ்ற்றுக்கு நேர்ந்தது வேறு. 1987 இல் வெளிவந்த ‘இன்ரு த பண்டெமோனியம்’ இல் அவர்கள் இயந்திர முரசையும் நரம்பிசையையும் பிறிதொரு குழுவின் ஜனரஞ்சகப் பாடலையும் துணிந்து சேர்த்தனர். நிறுவனத்தோடு பிணக்கு முற்றியது. 1988 இல் வந்த ‘கோல்ட் லேக்’ இரசிகர்களாற் கைவிடப்பட்டது. ஃபிஷரே பின்னர் அதனைக் கைவிட்டார். (இதுவும் பரிசோதனைதானே என்று வாதிடும் நண்பர் ஒருவர் உளர். கேட்டுப் பார்த்தேன், ஒப்புக்கொள்ள இயலவில்லை.) நெடுங்கால மௌனத்தின் பின் 2006 இல் ‘மொனோதெயிஸ்ற்’ வெளிவந்தது. இரண்டாண்டுகளின் பின் ஃபிஷர் விலக, குழு முடிவுற்றது.

ஆயினும் ஒரு வேலை எஞ்சியிருந்தது. 1987 இன் தட்டில் ‘றெக்ஸ் இறே’ என்ற பாடலை, இறந்தோர்க்கான மூன்று பகுதி இரங்கலிசையின் முதற் பகுதியாக அவர்கள் அமைத்திருந்தனர். 2006 இன் தட்டு மூன்றாம் பகுதியோடு முடிகின்றது. நடுப்பகுதி எழுதப்படவேயில்லை. 2017 ஒக்ரோபரில் எய்ன் காலமானார். 2019 ஏப்ரலில், நெதர்லாந்தின் தில்பேர்க் நகரில் நடைபெறும் றோட்பேர்ண் இசைவிழாவில், ஃபிஷர் தமது புதிய குழுவான றிப்ரிக்கோனுடனும் மெற்றோபோல் இசைக்குழுவுடனும் அந்நடுப்பகுதியை இயற்றி, மூன்றையும் முதன்முறையாக ஒருசேர அரங்கேற்றினார். நடுப்பகுதி மட்டும் அரைமணி நேரத்துக்கு மேல் நீள்கின்றது. முரசுகள் ஓய்ந்து நரம்பிசை மட்டும் நிற்கும் இடங்களில், பேர்லினில் 1985 இல் ஒலித்த அந்த ஒரு நிமிடக் கொம்பு முழக்கம் நினைவுக்கு வருகின்றது.