ஐந்து நட்சத்திரங்களும் ஒரு மானும்

கொடிகளின் சரித்திரம் - 9

பாம்பைக் கவ்வியபடி சப்பாத்திக்கள்ளியின்மீது வீற்றிருக்கும் கழுகைத் தன் தேசியக் கொடியில் தாங்கி நிற்கும் மெக்ஸிகோவைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தத் தேசத்தின் மாநிலங்களில் பெரும்பாலானவை தமக்கென்று தனிக்கொடி வகுத்துக்கொள்ள முனையாமல், தத்தம் கேடயச் சின்னத்தை வெள்ளைத் துணியில் பொறித்து ஏற்றுவதோடு திருப்தியடைந்துவிடுகின்றன. ஆனால் தென்கிழக்குக் கோடியில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் யூகாத்தானுக்கு, ஒரு காலத்தில் தனி நாடாக இருந்து ஏற்றிய கொடி ஒன்றும், பிற்காலத்தில் மாநிலமாக நின்று வகுத்துக்கொண்ட சின்னம் ஒன்றும் ஆக இரண்டு அடையாளங்கள் உண்டு. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு சமூகம் தன்னைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணம் ஒன்றரை நூற்றாண்டில் எவ்வாறு மாறிற்று என்பது புலனாகும்.

1823-ஆம் ஆண்டில், சுயாட்சி உரிமை கெடாது என்ற நம்பிக்கையின்பேரில் யூகாத்தான் மெக்ஸிகோ கூட்டாட்சியில் இணைந்தது. ஆனால் அடுத்த பத்தாண்டின் நடுவில் மெக்ஸிகோ நகரத்து ஆட்சியாளர்கள் கூட்டாட்சி முறையைக் கலைத்து, மாநிலங்களையெல்லாம் மத்திய சர்க்காருக்குக் கட்டுப்பட்ட வெறும் பிரிவுகளாகத் தாழ்த்தி, யூகாத்தான் வாலிபர்களைத் தொலைதூர யுத்தங்களுக்கும் இழுத்துச் சென்றபோது, அந்த நம்பிக்கை தகர்ந்துபோயிற்று. சாந்தியாகோ இமான் என்ற படைத்தலைவர் 1839-இல் கிளர்ச்சிக்கொடி தூக்கினார். மாதாகோயிலுக்குச் செலுத்திவந்த வரிச்சுமையை நீக்குவதாக வாக்களித்து மாயா குடியானவர்களைத் தம் பக்கம் திரட்டிக்கொண்டு, மறு ஆண்டின் தொடக்கத்திலேயே வய்யாதோலித் நகரத்தை அவர் கைப்பற்றினார்.

1841 மார்ச் 16 அன்று தலைநகரான மெரிடாவின் நகரமன்றக் கட்டடத்தில் மெக்ஸிகோவின் கொடி இறக்கப்பட்டுப் புதிய கொடி ஒன்று ஏறிற்று. அதன் இடப்புறம் பச்சை. வலப்புறம் மேலும் கீழும் சிவப்பு, நடுவே வெண்மை. பச்சைப் பகுதியில் ஐந்து நட்சத்திரங்கள் பதிந்திருந்தன. அவை மெரிடா, இஸமால், வய்யாதோலித், தெகாஷ், காம்பேச்சே என்னும் ஐந்து பிரதேசங்களைக் குறித்தன. பிரிந்துபோகத் துணிந்தவர்கள் தாம் பிரிய விரும்பிய தேசத்தின் அதே மூன்று வர்ணங்களையே திரும்பவும் எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்கும்போது, அவர்களுடைய விரோதம் மெக்ஸிகோவின்மீதன்று, அதிகாரத்தையெல்லாம் ஒரே இடத்தில் குவித்த ஆட்சிமுறையின்மீதே என்று கொள்ளத் தோன்றுகிறது.

அந்தக் கொடியின் கீழ் உருவான ராஜ்யத்திற்குப் பெருமைகள் இல்லாமலில்லை. மானுவேல் கிரெஸென்ஸியோ ரெஹோன் என்ற சட்ட மேதையின் முயற்சியால் 1841-ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தில், தன் உரிமை பறிபோன பிரஜை நீதிமன்றத்தின் பாதுகாப்பைக் கோரலாம் என்ற ‘அம்பாரோ’ விதி இடம்பெற்றது. பின்னர் மெக்ஸிகோ தேசம் முழுவதும் அதை ஏற்றுக்கொண்டது. கடற்படை இல்லாத குறையை, அப்போது தனி நாடாக இருந்த டெக்ஸஸின் கப்பல்களை மாதம் 8,000 டாலர் வாடகைக்கு அமர்த்தித் தீர்த்துக்கொண்டார்கள். 1843 டிசம்பரில் சுயாட்சி வாக்குறுதியைப் பெற்று மெக்ஸிகோவுடன் சமாதானமானார்கள். அந்த வாக்குறுதி நிறைவேறாமற்போகவே, 1846-இல் மீண்டும் பிரிந்தார்கள்.

இத்தனை கீர்த்திக்கும் நடுவில் ஒரு பெருங்குறை இருந்தது. பிரதேசங்களை எண்ணி நட்சத்திரம் வைத்தவர்கள், அந்த மண்ணின் பெரும்பான்மை மக்களான மாயா இனத்தாருக்கு அந்தக் கொடியில் ஓர் அடையாளமும் வைக்கவில்லை. ரத்தம் சிந்த அழைக்கப்பட்டவர்கள் பலனைப் பங்கிடும்போது மறக்கப்பட்டார்கள். 1847 ஜூலையில் தெபீச் கிராமத்தில் மூண்ட மாயா கலகம் காட்டுத்தீயாய்ப் பரவி, மறு ஆண்டில் மெரிடாவையே நெருங்கிவிடவே, கதிகலங்கிய ஆட்சியாளர்கள் அமெரிக்கா, பிரிட்டன், ஸ்பெயின் ஆகிய மூன்று நாடுகளிடமும் தங்கள் நாட்டையே ஒப்படைக்க முன்வந்தார்கள். எவரும் ஏற்கவில்லை. 1848 ஆகஸ்டில் மெக்ஸிகோவுடன் திரும்பவும் இணைந்தார்கள். கலகமோ 1901 வரையில் முற்றிலும் அடங்கவில்லை.

நிலமும் சுருங்கிற்று. காம்பேச்சே தனியே பிரிந்து 1863-இல் தனி மாநிலமாக அங்கீகாரம் பெற்றது. கிழக்குக் கரையைப் பிரித்து 1902-இல் உண்டாக்கிய கின்தானா ரோ பிரதேசம் 1974-இல் மாநிலமாயிற்று. ஆயினும் ஐந்து நட்சத்திரக் கொடி நெடுங்காலம் சட்டத்தின் ஆதரவு இன்றியே ஜனங்களின் அபிமானத்தில் வாழ்ந்து வந்தது.

1989 நவம்பர் 30 அன்று ஏற்கப்பட்ட கேடயச் சின்னம் முற்றிலும் வேறு கருத்தைப் பேசுகிறது. மேலே சூரியன் ஒளிர, கற்றாழைச் செடியொன்றைத் தாண்டிப் பாய்கிறது ஒரு மான். அந்த மான் மாயா மக்களின் குறியீடு. விளிம்பின் மேலும் கீழும் மாயா வளைவுகளும், இடமும் வலமும் ஸ்பானிய மணிக்கோபுரங்களும் அமைந்துள்ளன. ஐந்து நட்சத்திரங்கள் பிரதேசங்களை எண்ணின. இந்தக் கேடயமோ இரண்டு நாகரிகங்களைச் சமமாக நிறுத்துகிறது.

அந்தக் கற்றாழைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஹெனகென் என்ற அதன் நாரை, தானியக் கதிர்களைக் கட்டும் இயந்திரங்களுக்குக் கயிறாக வட அமெரிக்கா ஏராளமாக வாங்கியதால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யூகாத்தான் பண்ணை முதலாளிகள் அதைப் ‘பச்சைத் தங்கம்’ என்று கொண்டாடினார்கள். அதே தோட்டங்களில் மாயா குடும்பங்கள் தீராத கடனில் கட்டுண்டு, அடிமைகளுக்கொப்பாக உழைத்தன. மெரிடாவின் மாளிகைகள் அந்த உழைப்பில் எழுந்தவை. செடியின்கீழ் மானை நிறுத்தாமல் அதைத் தாண்டிப் பாயவிட்ட சித்திரத்தை இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்பவர்க்கு, அதில் வெறும் அலங்காரத்துக்கு மேற்பட்ட நியாயம் ஒன்று தென்படும்.

கொடியில் இடம் கொடுத்துவிட்டதாலேயே ஒரு ஜாதியாருக்கு வாழ்வில் இடம் கிடைத்துவிடாது. ஆனால் கொடியிலும் இடம் கொடுக்க மனமில்லாதவர்கள் வாழ்வில் இடம் கொடுப்பார்கள் என்று எதிர்பார்ப்பதும் வீண். மாயா மக்களை மறந்த யூகாத்தான் குடியரசு பத்தாண்டுகூட நிலைக்காமற்போனதற்கு, மெக்ஸிகோவின் சேனைகளைக் காட்டிலும் அந்த மறதியே பெரிய காரணம்.