பிஸ்டனின் தலையெழுத்து

பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்து வீடொன்றில் ஓலைக் கொட்டகையின் கீழ் நெடுங்காலம் நின்றிருந்த அம்பாசடர் காரை விற்றுவிட நம் நண்பர் முடிவு செய்தார். 1960களின் தொடக்கத்தில் அவருடைய அப்பாரு வாங்கிய வண்டி அது. பழைய கார்களைச் சேகரிக்கும் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டிருந்தார். எஞ்சின் கை படாததாக இருக்க வேண்டும் என்பதே அவர் விதித்த ஒரே நிபந்தனை. கை படவில்லை என்றுதான் அந்த வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். கிளப்பினால் நீலப்புகை கக்கியது என்பதால் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கு எஞ்சினைக் கொண்டு சென்றார்கள். நாமும் உடன் சென்றோம்.

ஹெட்டைக் கழற்றியதும் நான்கு பிஸ்டன்களின் தலையிலும் கரி அப்பிக் கிடந்தது. பட்டறைப் பெரியவர் அதைச் சுரண்டவில்லை. சுரண்டினால் கரியோடு எழுத்தும் போய்விடும். டீசலில் ஊறவைத்துத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். கல்லைக் கழுவித் தாளைப் பதித்து மைப்படி எடுப்பவர்களின் பொறுமைதான் நமக்கு நினைவுக்கு வந்தது. கரி நீங்கிய இடத்தில், நீள்வட்டம் ஒன்றுக்குள், .040 என்ற எண் தெரிந்தது.

"நாப்பது ஏறிப்போச்சுங்க. இனி வெட்டறதுக்கு இடமில்லீங்க" என்றார் பெரியவர்.

அந்த எஞ்சின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி வரிசையைச் சேர்ந்தது; 1489 சிசி. ஆலையிலிருந்து வரும்போது அதன் சிலிண்டர் துளை 2.875 அங்குலம். ஓட ஓடத் தேய்ந்து துளை வட்டம் குலைகிறது. எண்ணெய் மேலேறிப் புகைகிறது. அப்போது துளையைச் சற்றே பெரிதாகக் கடைந்து அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுகிறார்கள். எவ்வளவு பெரிது என்பதை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு சொல்வது வழக்கம். பத்து, இருபது, முப்பது, நாற்பது என நான்கே படிகளை இந்த எஞ்சினுக்கு வகுத்திருந்தார்கள். நாற்பது என்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டருக்குள்தான் அதன் ஆயுள் முழுவதும் அடங்கியிருந்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நீள்வட்டத்துக்குள் இருக்கும் எண் உண்மையில் பிஸ்டனின் அளவு அன்று. அது போய்ச் சேர வேண்டிய துளையின் அளவு. பிஸ்டன் உரசாமல் ஓட வேண்டிய இடைவெளியைச் செய்யும்போதே கழித்துவிடுகிறார்கள். மைக்ரோமீட்டரால் பிஸ்டனை அளந்துவிட்டு எண் பொய் சொல்கிறது என்று வாதிடுபவர் எண்ணைத் தவறாகப் படித்தவர். முதலில் நாமும் அப்படித்தான் படித்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கிராங்க் ஷாஃப்டின் பேரிங் ஓட்டைப் புரட்டினால் அதன் முதுகில் 020 என்றிருந்தது. பிஸ்டனில் எண் ஏறினால் துளை பெருத்திருக்கிறது என்று பொருள்; பேரிங்கில் எண் ஏறினால் தண்டு இளைத்திருக்கிறது என்று பொருள். தேய்ந்த தண்டை இருபது அளவு சீவிவிட்டு, அந்தக் குறையை ஈடுகட்டத் தடித்த ஓட்டைப் போட்டிருக்கிறார்கள். எழுதப்பட்ட இடம் எது என்று தெரியாதவருக்கு எண் மட்டும் தெரிந்து பயனில்லை. போதாக்குறைக்கு, கூட்டல் கழித்தல் குறிகளை எல்லோரும் பொறிப்பதும் இல்லை. இத்தாலிய வழிவந்த ஃபியட் கார் வந்தால் மொழியே மாறிவிடும். அதன் கணக்கு மில்லிமீட்டரில். அங்கே 0.4 என்றால் அம்பாசடர்க்காரரின் பதினாறுக்குச் சற்றுக் குறைவு. 1956இல் சட்டமியற்றி நாடு மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கிய பிறகும், ஒரே பட்டறையில் ஒரே கைகள் இவ்விரண்டு மொழிகளையும் பேசி வந்தன.

இந்தப் படிப்பு கொங்கு நாட்டுக்கு எங்கிருந்து வந்தது? 1920இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டத் தொடங்கினார். வண்டியும் உதிரிபாகமும் கடல் கடந்து வந்த காலம் அது. பழுதானால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும், இல்லையேல் இங்கேயே கடைய வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பங்கீட்டுப் பொருளானபோது பேருந்துகளின் முதுகில் கரியடுப்பு ஏறியது. வடிகட்டியைத் தாண்டி வந்த சாம்பல் சிலிண்டரை அராவித் தின்றது. விடுதலைக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. புதுக் காருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நாட்டில் யாரும் பழைய எஞ்சினைத் தூக்கி எறியவில்லை. பைக்காரா மின்சாரமும், 1937இல் நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உருவாக்கிய மோட்டாரும், கிணற்றுப் பாசனத்துக்கு வேண்டிய பம்புகளும் வார்ப்படச் சாலைகளையும் லேத்களையும் இங்கே பெருக்கின. கார் எஞ்சினைக் கடைந்தது அந்தக் கைகளின் பல வேலைகளில் ஒன்று.

கோவையில் 2015இல் திறக்கப்பட்ட ஜிடி கார் அருங்காட்சியகத்தில் மினுங்கும் உடல்களைப் பார்த்து வியக்கிறோம். அந்தக் கைகளின் எழுத்து நம் பார்வைக்கு வராத இடத்தில் இருக்கிறது.

நண்பரின் எஞ்சினுக்கு வருவோம். நாற்பது என்பது கடைசிக் கடைசலை மட்டுமே சொல்கிறது. படிப்படியாக நான்கு முறை கடைந்தார்களா, ஒரே தாவலா என்பதை இரும்பு சொல்லாது. ஒவ்வொரு கடைசலும் முந்தையதை அழித்துவிடுகிறது. திருப்பணி என்ற பெயரில் மணல் வீசிக் கோயிற் சுவர்களைத் துலக்கியபோது எழுத்துகள் போனது போலத்தான். ஆனால் எண்ணைக் கேட்டதும் நண்பரின் தந்தையாருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அவர் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு மாதம் கார் வீட்டிலேயே இல்லை. அப்பாரு பஸ்ஸில் போய் வந்தார். ஏன் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த வழி ஸ்லீவ்தான். துளையை அகலமாக வெட்டி உள்ளே உருளையை இறுக்கி, மறுபடியும் 2.875க்கே கடைந்துவிடுவார்கள். புதுப் பிஸ்டனின் தலையில் எஸ்டிடி என்று, ஆலையின் மூல அளவுக்குரிய எழுத்து இருக்கும். பிரித்துப் பார்ப்பவர் கை படாத எஞ்சின் என்றே சொல்வார். சேகரிப்பாளரின் நிபந்தனையும் நிறைவேறிவிடும். பெரியவர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார், நண்பர் சிரிக்கவில்லை. மூன்று தலைமுறை அறியாமல் சொன்னதை நான்காவது தலைமுறை அறிந்தே சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டு நாள் கழித்து அவர் சேகரிப்பாளருக்குத் தொலைபேசியில் உள்ளதைச் சொன்னார். விலை கணிசமாகக் குறைந்தது. பிறகு பட்டறைக்குப் போய், ஸ்லீவ் போட்டதையும் ஆண்டையும் பிளாக்கின் பக்கவாட்டில் உளிக் குத்தால் பொறிக்கச் சொன்னார். பழைய பிஸ்டன்கள் நான்கையும் பழைய இரும்புக்குப் போடாமல் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அவற்றில் ஒன்று இப்போது அவர் தந்தையாரின் மேசைமேல், எண் தெரியும்படி, காகிதங்கள் பறக்காமல் அமர்ந்திருக்கிறது.