நாள் எண்ணிய நூற்றாண்டுகள்

ஒரு மாதவிலக்குக்கும் அடுத்த மாதவிலக்குக்கும் இடைப்பட்ட நாள்களில் ஒரு பெண் எந்த நாளில் கருத்தரிப்பாள்? மழலைக்காக ஏங்கிய இல்லங்களும், அடுத்தடுத்த பேறுகளால் உடல் தளர்ந்த அன்னையரும் ஒருங்கே கேட்ட வினா இது. இதற்குச் சரியான விடை இருபதாம் நூற்றாண்டில்தான் கிட்டியது. ஆயினும், விடை தெரியாத காலத்தில் விடை சொல்வோர்க்குக் குறைவே இருந்ததில்லை. நாம் சிந்திக்க வேண்டிய செய்தி அதில்தான் இருக்கிறது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் மருத்துவரான எபேசு நகரத்துச் சொரானுஸ், மாதவிலக்கு ஓய்ந்துவரும் நாள்களே கருத்தரிக்க ஏற்றவை என எழுதினார். புனித அகுஸ்தினாருக்கும் இக்கருத்து அறிமுகமானதே. மனிக்கேயர், மாதவிலக்கு நீங்கியபின் வரும் நாள்களில் மனைவியரைத் தவிர்க்குமாறு தம்மைச் சார்ந்தோர்க்கு அறிவுறுத்தி வந்ததை, தம் மனமாற்றத்திற்குப்பின் கி.பி. 388இல் தொடங்கிய ஒரு நூலில் அவர் கண்டித்துள்ளார். நம் தொல்காப்பியமோ, பூப்புத் தோன்றியபின் பன்னிரண்டு நாள் கணவன் மனைவியைப் பிரிந்துறைதல் அறமன்று எனக் கற்பியலில் விதிக்கின்றது. உரையாசிரியர்கள் இதனைக் கருத்தோன்றும் காலத்தோடு பொருத்தி விளக்குவர். இவ்வாறு வெவ்வேறு நாட்டார் மாதவிலக்கையே தொடக்கப் புள்ளியாகக் கொண்டு முன்னோக்கி நாள் எண்ணினர்.

1827இல் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் என்னும் அறிஞர் பாலூட்டிகளின் கருமுட்டையை முதன்முதலாகக் கண்டறிந்தார். அவர் அதைக் கண்டது ஒரு நாயின் உடலில். அதன்பின் அறிவியலாளர் விலங்குகளை வைத்தே மானிடப் பெண்ணின் உடலையும் விளக்க முற்பட்டனர். பெண் நாய் இனச்சேர்க்கைக்கு ஆயத்தமாகும் காலத்தில் அதற்கு உதிரம் கசியும். கருமுட்டை வெளிப்படுவதும் அக்காலத்தையொட்டியே. எனவே பெண்ணின் மாதவிலக்கும் அத்தகையதே எனவும், மாதவிலக்கை ஒட்டிய நாள்களே கருத்தரிக்கும் நாள்கள் எனவும் முடிவு செய்தனர். தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தவை உண்மையில் வேறானவை. எனினும் இப்பிழை மருத்துவ நூல்களில் ஏறியமர்ந்து, ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் உண்மையென உலவியது.

இதன் விளைவு ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. கருத்தரிக்காத நாள்கள் எனக் கருதப்பட்டவற்றில் மட்டும் கூடிவாழும் தம்பதியர் குறித்து, பிரான்சு நாட்டின் ஆமியான் மறைமாவட்ட ஆயர் உரோமையிடம் வினவினார். அத்தகையோரைக் கலங்கச் செய்ய வேண்டாம் என 1853இல் விடை வந்தது. 1880இல் வந்த மற்றொரு விடை, ஒப்புரவு அருட்பணியாளர்கள் தக்க எச்சரிக்கையுடன் இம்முறையை எடுத்துரைக்கலாம் என்றது. அனுமதி கிடைத்துவிட்டது, ஆனால் நாள்கள் எவை? 1883இல் ஜெர்மானியக் கத்தோலிக்க மருத்துவர் கார்ல் கப்பெல்மான், மாதவிலக்குத் தொடங்கிய நாளிலிருந்து பதினான்கு நாள்களும் அடுத்ததற்கு முந்திய மூன்று நான்கு நாள்களும் விலகியிருக்குமாறு நூல் எழுதினார். சுழற்சி முப்பது நாளைக் கடந்த பெண்ணுக்கு, அவர் பாதுகாப்பானவை என விட்ட நாள்களிலேயே கருமுட்டை வெளிப்படும். அறிவுரையைப் பிழையின்றிக் கடைப்பிடித்தவளே ஏமாற்றம் அடைந்திருப்பாள். அவள் குறைகூறியது பெரும்பாலும் தன்னையே அன்றி, நூலை அன்று.

எண்ணும் திசையை மாற்றியவர் சப்பானிய மருத்துவர் கியூசாக்கு ஒகினோ. நீகாத்தா நகரில் அறுவைச் சிகிச்சை செய்துவந்த அவர், தாம் நேரில் கண்ட சூலகங்களின் நிலையை அப்பெண்களின் மாதவிலக்கு நாள்களோடு ஒப்பிட்டார். கருமுட்டை வெளிப்படும் நாளை முடிந்த மாதவிலக்கிலிருந்து முன்னோக்கி எண்ணலாகாது; வரப்போகும் மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும் என அவர் கண்டார். அது அடுத்த மாதவிலக்குக்கு 12 முதல் 16 நாள்களுக்கு முன் நிகழும். 1924இல் சப்பானிய மொழியிலும் 1930இல் ஜெர்மானிய மொழியிலும் இதனை வெளியிட்டார். ஆஸ்திரிய மருத்துவர் ஹெர்மன் கினவுசும் தனித்து ஆய்ந்து, ஏறத்தாழ இதே முடிவை 1929இல் எட்டினார்.

இதன்படி, சுழற்சி 28 நாளானால் கருமுட்டை ஏறக்குறைய 14ஆம் நாளிலும், 35 நாளானால் 21ஆம் நாளிலும் வெளிப்படும். ஆனால் வரப்போகும் மாதவிலக்கு எந்நாளில் வரும் என முன்னரே அறிவது எவ்வாறு? கடந்த மாதங்களை வைத்துக் கணிப்பதன்றி வேறு வழியில்லை. உடல் நோயுற்றாலோ உள்ளம் கலங்கினாலோ கணிப்புத் தவறும். மகப்பேறு வேண்டுவோர்க்குத் துணையாகவே ஒகினோ தம் கண்டுபிடிப்பைக் கருதினார். அதனைக் கருத்தடை முறையாக்குவதை அவர் ஏற்கவில்லை.

இக்குறையைத் திருச்சபையும் உணர்ந்திருந்தது. 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், தக்க காரணமுள்ள தம்பதியர் இயற்கையான மலட்டு நாள்களைப் பயன்படுத்துவது முறையே என்றுரைத்தார். அதற்கு உறுதியான அடிப்படையை மருத்துவ அறிவியல் வழங்கும் எனவும் அவர் நம்பிக்கை தெரிவித்தார். 1968இல் ஆறாம் பவுல் ‘ஹுமானே வீத்தே’ சுற்றுமடலில் அவ்விருப்பத்தை மீண்டும் வெளியிட்டார். இதற்கிடையே, 1935இல் வில்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் என்னும் ஜெர்மானிய அருட்பணியாளர் உடல் வெப்பநிலையைக் குறித்துவரும் முறையை வகுத்திருந்தார். 1953இல் ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் மருத்துவர் ஜான் பில்லிங்ஸ் தம் ஆய்வைத் தொடங்கினார். பின்னர் அவர் துணைவியாரான மருத்துவர் ஈவ்லின் பில்லிங்சும் அதில் இணைந்தார். கருப்பை வாயில் சுரக்கும் சளி, கருத்தரிக்கும் நாள்களில் தெளிந்து வழுவழுப்பாவதைப் பெண்களின் வாய்மொழி கொண்டே அவர்கள் அறிந்தனர். நாள்காட்டியை விடுத்து, பெண் தன் உடலைத் தானே கவனிக்கலானாள்.

இன்றைய தெளிவுக்குத் துணைநின்றது, அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் நடத்திய ஆய்வு. மகப்பேறு விரும்பிய 221 பெண்களின் சிறுநீர் நாள்தோறும் சோதிக்கப்பட்டது. 1995இல் வெளிவந்த முடிவின்படி, கருத்தரிக்கும் வாய்ப்புள்ள நாள்கள் ஆறே. அவை கருமுட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாள்களும் ஆகும். ஐந்து நாள்களுக்கு முன் நூற்றுக்குப் பத்தாக இருக்கும் வாய்ப்பு, கருமுட்டை வெளிப்படும் நாளில் நூற்றுக்கு 33 ஆகிறது. மறுநாள் முதல் கருத்தரிப்பு காணப்படவில்லை. விந்தணு ஐந்து நாள் வரை உயிர்த்திருக்கக்கூடும். கருமுட்டையோ ஒரு நாளுக்குமேல் தாங்காது. இக்குழுவினர் 2000இல் வெளியிட்ட மற்றொரு முடிவு நம்மை இன்னும் ஆழ்ந்து சிந்திக்க வைக்கிறது. மருத்துவக் கையேடுகள் குறித்துவந்த 10 முதல் 17 வரையான நாள்களுக்குள், இந்த ஆறு நாள்களும் முழுமையாக அடங்கியது நூற்றுக்கு முப்பது பெண்களுக்கே.

இன்று கைபேசிச் செயலிகள் நொடியில் நாள் குறித்துத் தருகின்றன. கடந்த மாதங்களின் தேதிகளை மட்டும் கொண்டு கணிக்கும் செயலி, கருவியில் புதியதாயினும் கணக்கில் பழையதே. பல பெண்களைக் கூட்டி வகுத்துப் பெற்ற நாள், நம்முன் நிற்கும் ஒரு பெண்ணின் நாளாக இருக்கவேண்டும் என்பதில்லை.

அறியாமை குற்றமன்று. அறியாததை அறிந்ததாக உறுதிகூறி, பிறர் வாழ்வை அதன்மேல் கட்டச் செய்வதே துயரம் விளைக்கும். அத்தவற்றின் சுமையை இறுதியில் தாங்கியது ஒரு தாயின் உடல். திருமணத் தயாரிப்பு வகுப்புகளிலும் குடும்ப நல்வாழ்வுப் பணியிலும் அறிவுரை கூறும் நாம், நாளைச் சொல்லுமுன் அவள் சொல்வதைக் கேட்போமாக. தவறாகிப்போன கணக்குக்காக அவளைக் குறைகூறாதிருப்போமாக.