ஊர் கூடி ஊட்டிய கல்வி



பழனி மலைத்தொடரின் உச்சியிலே அமைந்தது கோடைக்கானல். 1845-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதிரிமார் அங்கே வீடுகள் எழுப்பினர். 1901-இல் அவர்தம் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியும் தோன்றியது. ஆயின், மலைச்சரிவிலே உழுதவனின் மகனுக்கும், காட்டிலே தேனெடுத்த பளியர் குழந்தைக்கும் கல்வி நெடுங்காலம் எட்டாக்கனியாகவே இருந்தது.

பள்ளி இல்லாமை மட்டுமா காரணம்? அன்று, பசியும் ஒரு காரணம். இதனை முன்னரே உணர்ந்தவர் சர் பிட்டி தியாகராயர். 1920-இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர்க்கு உணவளிக்கத் தொடங்கியது. பின்னர் முதலமைச்சர் காமராசர், பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் துணையுடன் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். எட்டயபுரத்தில் ஏற்றிய அடுப்பு ஊர்தோறும் எரிந்தது.

இத்திட்டத்தின் உயிர் எங்கே இருந்தது? கருவூலத்தில் மட்டுமன்று, ஊராரின் கையிலே இருந்தது. முதலில் மக்களின் நன்கொடையே உணவாயிற்று. 1957-இல் அரசு மானியம் வந்த பின்னரும், செலவில் ஐந்தில் இரண்டு பங்கை ஊராரே ஏற்றனர். நெல் உள்ளவர் நெல்லும், விறகு உள்ளவர் விறகும் தந்தனர். 1958-இல் கடம்பத்தூரில் கூடிய பள்ளிச் சீரமைப்பு மாநாட்டைத் தொடர்ந்து, கட்டடமும் பலகையும் உடையும்கூட மக்கள் கொடையாய் வந்தன. 1961 முதல் 'கேர்' என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பால்மாவும் எண்ணெயும் அளித்தது. கடல் கடந்த உதவி பின்னரே வந்தது. அண்டை வீட்டாரின் உதவியே முன் வந்தது என்பதை நினைவிற் கொள்க.

1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக அதனை விரிவாக்கினார். எனினும், காலைப் பசி எஞ்சியிருந்தது. மலையூர்ப் பள்ளியொன்றில் நான் பணியாற்றியபோது, முதற் பாடவேளையில் தூங்கிய சிறுவனைக் கடிந்துகொண்டேன். முன்னாள் இரவு முதல் அவன் ஒன்றும் உண்ணவில்லை. குளிரில் நெடுவழி நடந்தும் வந்திருந்தான். இதனைப் பிறகே அறிந்தேன். அன்று நாணியது யான். 2022-இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டபோது அச்சிறுவனின் முகமே என் கண்முன் நின்றது.

இன்று உணவளிப்பது அரசின் கடமையாகிவிட்டது, நன்றே. ஆயின், கடமை அரசுக்குச் சென்றமையால், அக்கறையும் நம்மைவிட்டுச் செல்லலாமோ? உங்கள் ஊர்ப் பள்ளியின் வாயிலை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அங்கே இல்லாதது எதுவோ, அதுவே உங்கள் பங்கு.