படம் எப்படி?

இன்ன படத்தைப் பார், இன்ன படத்தை விட்டுவிடு என்று ஒருவர் மற்றொருவருக்கு யோசனை சொல்லும் வழக்கம் சினிமாவோடு கூடவே பிறந்தது என்று தோன்றக்கூடும்; ஆனால் தமிழ்நாட்டில் முதல் சில ஆண்டுகளுக்கு அதற்கு அவசியமே இருக்கவில்லை. திருச்சிராப்பள்ளியில் ரயில்வே இலாகாவில் வரைபட உத்தியோகம் பார்த்துவந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ஆம் ஆண்டில் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டு, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டத் தொடங்கிய காலத்தில், திரையில் உருவங்கள் அசைகின்றன என்னும் அதிசயம் ஒன்றுக்காகவே ஜனங்கள் திரண்டு வந்தார்கள். அதிசயத்துக்குச் சிபாரிசு எதற்கு? பின்பு 1914-இல் அவரே கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையை அமைத்தார். ஊரை மாற்றிக்கொண்டே போகும் கூடாரக்காரருக்கு இல்லாத கவலை, ஒரே ஊர்க்காரரை வாராவாரம் வரவழைத்தாக வேண்டிய நிரந்தரக் கொட்டகைக்காரருக்கு உண்டு. படத்தைப் புகழ்ந்து பேசும் தொழிலுக்கு அந்தக் கவலையே வித்து என்பது என் அபிப்பிராயம்.

அத்தொழிலின் முதல் வடிவம் சத்தமும் காகிதமும்தான். இரு பக்கமும் தட்டி கட்டிய மாட்டு வண்டி ஒன்று, பின்னால் தமுக்கோ பேண்டு வாத்தியமோ முழங்க, ஊர்த் தெருக்களை ஒரு சுற்றுச் சுற்றி வரும். வண்டியிலிருப்பவர் விசிறியெறியும் பச்சை, மஞ்சள், ரோஜா நிற நோட்டீஸ்களைப் பொறுக்குவதற்காகச் சிறுவர் கூட்டம் புழுதியைப் பொருட்படுத்தாமல் ஓடும். டூரிங் டாக்கீஸ் எனப்பட்ட டெண்டுக் கொட்டகைகள் பெருகிய பின்னர், சாயங்காலத்தில் ஒலிபெருக்கியில் எழும் பக்திப் பாட்டே சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அழைப்பாக அமைந்தது. இவற்றிலெல்லாம் சாதுரியம் மிகுந்தது என்று நான் கருதுவது பாட்டுப் புத்தகம். மலிவான காகிதத்தில் அச்சாகிக் கொட்டகை வாசலில் விற்கப்பட்ட அந்தச் சிறு பிரசுரத்தில், பாட்டுக்களுக்கு முன்பாகக் கதைச் சுருக்கம் ஒன்று இருக்கும். கதாநாயகி அபாயத்தில் சிக்கி, கதாநாயகன் சிறையிலோ காட்டிலோ அலைந்து, வாசகரின் நெஞ்சு படபடக்கும் தறுவாயில், மீதியை வெள்ளித் திரையில் காண்க என்ற வாக்கியத்துடன் சுருக்கம் நின்றுவிடும். இதைவிடச் சிறந்த சிபாரிசுக் கலையை இன்றைய விளம்பர நிபுணர்கள் கண்டுபிடித்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆயினும் ஊரார் ஏமாளிகள் அல்லர். கொட்டகைக்காரர் தமக்கு எந்தப் படத்தின் பிரிண்டு வந்து சேர்ந்ததோ அதைத்தான் உலகத்திலேயே உத்தமமான படம் என்று முழங்குவார் என்பதை அறிந்து, அந்த முழக்கத்தில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை ஏற்றுக்கொள்ளும் கணக்கை அவர்கள் விரைவிலேயே பழகிக்கொண்டார்கள்.

சொல்பவரின் லாபம் என்ன என்று பார்த்து அவர் சொல்லை எடைபோடும் இந்தக் கணக்கு, பத்திரிகைகள் சினிமாவைக் கையில் எடுத்துக்கொண்டபோது சற்றுச் சிக்கலாயிற்று. எஸ். எஸ். வாசன் 1928-இல் விலைக்கு வாங்கி வளர்த்த ஆனந்த விகடனில், ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரோடு நாடகத்தையும் சங்கீதத்தையும் அலசிய கல்கி கிருஷ்ணமூர்த்தி, பேசும் படங்களைப் பற்றியும் அதே நகைச்சுவையோடும் அதே தயவின்மையோடும் எழுதினார். டிக்கெட் விற்பதில் சம்பந்தமில்லாத ஒருவர், தம் ரசனையை மட்டுமே மூலதனமாக வைத்துக்கொண்டு அபிப்பிராயம் சொல்வது என்பது அன்றைய வாசகர்களுக்குப் புதிய அனுபவம். ஆனால் விலகி நிற்கும் அந்த நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. கல்கி எழுதிய ‘தியாகபூமி’ விகடனில் தொடராக வந்தபோதே, கே. சுப்ரமணியம் எடுத்துக்கொண்டிருந்த அதன் படத்திலிருந்து புகைப்படங்களும் கூடவே அச்சாயின. படம் 1939-இல் வெளிவந்தது. வாரந்தோறும் கதையைப் படித்துக் கண் கலங்கிய வாசகர் கொட்டகைக்குப் போனபோது, அவருக்கு அதைச் சிபாரிசு செய்தது இலக்கியமா, விளம்பரமா என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? பிறகு 1941-இல் வாசன் ஜெமினி ஸ்டுடியோவைத் தொடங்கவே, படங்களைத் தராசில் நிறுக்கும் பத்திரிகையின் அதிபரே படமெடுப்பவராகவும் ஆனார். கல்கியும் அதே ஆண்டில் விகடனை விட்டு விலகித் தம் பெயரிலேயே பத்திரிகை கண்டார். வாசகர்கள் இரண்டையும் வாங்கினார்கள். அவரவர் சார்பை அறிந்தே வாசித்தார்கள். சினிமாவுக்கென்றே ‘பேசும் படம்’, ‘குண்டூசி’ போன்ற பத்திரிகைகளும் தோன்றின. இவற்றில் ‘குண்டூசி’ பெயருக்கேற்பக் குத்தும் என்று கியாதி பெற்றது.

விமர்சனத்தின் கீழே மதிப்பெண் போடும் வழக்கம் விகடனுக்கு உரிய தனிச் சிறப்பு. பள்ளிக்கூடப் பரீட்சை என்றால் உயிரை விடும் நம் சமூகத்துக்கு இது எவ்வளவு பொருத்தமான உபாயம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வாங்கிய படத்தைத் தாராளமாகப் பார்க்கலாம், ஐம்பதைத் தொட்டால் அது அபூர்வம் என்று குடும்பங்களில் ஒரு வாய்பாடே உருவாயிற்று. 1977-இல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ 62.5 மதிப்பெண் பெற்றதைப் படத்தின் காட்சிகளைப் போலவே நினைவில் வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. நூற்றுக்கு அறுபத்திரண்டரைக்கு இப்படிக் கொண்டாட்டம் நடந்த பரீட்சை வேறெங்கும் இராது. அந்த அரை மதிப்பெண்ணைக் கொடுக்கலாமா கூடாதா என்று விமர்சனக் குழுவில் எத்தகைய விவாதம் நடந்திருக்கும் என்று கற்பனை செய்து பார்ப்பதில் எனக்குத் தனி இன்பம்.

இலங்கை வானொலி தமிழ்ப் படப் பாட்டுக்களைக் கடல் கடந்து ஒலிபரப்பிச் செய்த உபகாரத்தையும், 1975-இல் சென்னையில் தொடங்கிய தொலைக்காட்சி வெள்ளிக்கிழமைகளில் ‘ஒலியும் ஒளியும்’ காட்டி வீதிகளை வெறிச்சோடச் செய்ததையும், 1993-இல் பிறந்த சன் டி.வி. படங்களுக்கு வாராவாரம் வரிசை எண் கொடுத்ததையும் பலரும் எழுதிவிட்டார்கள்.

நான் சொல்ல விரும்புவது அவ்வளவாக எழுதப்படாத ஒரு வழக்கத்தைப் பற்றி. மாட்டினிக் காட்சி முடிந்து வியர்வையுடன் வெளியே வரும் கூட்டத்தை, மாலைக் காட்சிக்கு வரிசையில் நிற்கும் கூட்டம் பார்த்து, “எப்படிங்க படம்?” என்று கேட்கும். “முதல் பாதி சுமார், இடைவேளைக்கப்புறம் நல்லாருக்கு” என்றோ, “பாட்டுக்காக ஒருதரம் பார்க்கலாம்” என்றோ, நடையை நிறுத்தாமலே பதில் வரும். கையை மட்டும் அலட்சியமாக வீசிவிட்டுப் போகிறவரும் உண்டு. கேட்டவரும் சொன்னவரும் முன்பின் அறியாதவர்கள், மறுபடி சந்திக்கப் போகாதவர்கள். சொன்னவருக்கு அதில் ஒரு காசு லாபமில்லை என்பதாலேயே அந்தச் சொல்லுக்கு நோட்டீஸுக்கும் மதிப்பெண்ணுக்கும் இல்லாத கனம் இருந்தது. கொரோனாப் பெருந்தொற்றினால் கொட்டகைகள் மூடிக்கிடந்த 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில், ‘பொன்மகள் வந்தாள்’ அமேசான் பிரைமில் நேராக வீடுகளுக்கு வந்து சேர்ந்தபோது, அந்தப் படத்துக்கு வெளியே வரும் கூட்டமும் இல்லை, வரிசையில் நின்று கேட்கும் கூட்டமும் இல்லை.

அந்த இடத்தில் இப்போது யந்திரம் நிற்கிறது. அதற்கும் ஒரு பூர்வ கதை உண்டு. கலிபோர்னியாவில் 1997-இல் தோன்றிய நெட்ஃபிளிக்ஸ், முதலில் டிவிடி தகடுகளைத் தபாலில் வாடகைக்கு அனுப்பும் வியாபாரமாகவே நடந்தது. புதிய படத்தின் தகட்டை எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்டால் எங்கே போவது? ஆகவே, இருப்பில் சும்மா கிடக்கும் பழைய படங்களின்பால் சந்தாதாரரின் மனத்தைத் திருப்புவதற்கு, அவர்கள் கொடுத்த நட்சத்திரங்களைக் கணக்கிட்டு யோசனை சொல்லும் ‘சினிமாட்ச்’ என்ற ஏற்பாடு பெரிதும் பயன்பட்டது. தமக்கு வந்து சேர்ந்த பிரிண்டைப் புகழ்ந்த டெண்டுக் கொட்டகைக்காரருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை. தமுக்குச் சத்தம் மட்டுமே குறைவு. அந்த யோசனையின் துல்லியத்தை நூற்றுக்குப் பத்துப் பங்கு உயர்த்துவோருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அக்கம்பெனி 2006-இல் அறிவிக்க, கணித வல்லுநர்கள் கூடிப் போராடி 2009-இல் அதை வென்றார்கள். அதற்குள் படங்கள் தபாலை விட்டு இணையத்துக்கு மாறத் தொடங்கிவிட்டமையால், வென்ற கணக்கு முழுமையாக உபயோகத்துக்கு வரவில்லை. நட்சத்திரங்களே 2017-இல் நீக்கப்பட்டுக் கட்டைவிரல் அடையாளம் வந்தது. உயர்ந்த ஆவணப் படத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டு, இரவில் அசட்டு வேடிக்கைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனித இயல்பை யந்திரம் கண்டுகொண்டதே அதற்குக் காரணம். இந்தப் பாசாங்கை வாசலில் நின்று கேட்டவர் ஒருபோதும் கண்டுபிடித்திருக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

யந்திரத்தின் ஆட்சி இவ்வளவு பரவியும், நெடுந்தொடர்கள் வந்த பின்பும் மனிதர்களின் சிபாரிசு மறையவில்லை. எச்சரிக்கை மிகுந்ததாக மாறியிருக்கிறது. புஷ்கர்–காயத்ரி உருவாக்கி 2022-இல் வெளிவந்த ‘சுழல்’ போன்ற எட்டு எபிசோடு கொண்ட தொடரைப் பார் என்று ஒருவரிடம் சொல்வது, அவருடைய சில இரவுகளின் தூக்கத்தைக் கேட்பதற்குச் சமம். அதனால் சொல்பவர் இப்போது முன்கூட்டியே நிபந்தனை விதிக்கிறார்: “முதல் ரெண்டு எபிசோடு மெதுவாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.” கேட்பவரும் கதை என்ன என்று கேட்பதில்லை; மொத்தம் எத்தனை எபிசோடு, அடுத்த சீசன் வந்துவிட்டதா, குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா என்ற மூன்றையும் விசாரித்துக்கொண்டுதான் ரிமோட்டைக் கையில் எடுக்கிறார்.