பழைய பள்ளியை உடைக்கும் முன்

1911ஆம் ஆண்டு காலி நகரில் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்த கற்பலகை ஒன்று, டொமாலின் என்ற பொறியியலாளரின் கண்ணிற் பட்டது. கழுவிப் பார்த்தபோது அதில் மூன்று மொழிகளில் எழுத்து இருந்தது: சீனம், தமிழ், பாரசீகம். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு தொடர்புடைய, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் கல் அது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேவிநுவரைத் தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கும் செய்த காணிக்கைகளைச் சொல்கிறது. மூன்று பகுதிகளுள் அதிகம் தேய்ந்து போயிருப்பது பாரசீகப் பகுதிதான். இன்று அந்தக் கல் கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது.

அந்தக் கல்லை மதகின் மேல் வைத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு வைத்திருக்கமாட்டார்கள். வேலை நடந்தது, தட்டையான கல் ஒன்று தேவைப்பட்டது, பக்கத்தில் ஒன்று கிடந்தது. அவ்வளவுதான். நமது பழைய சின்னங்களிற் பெரும்பாலானவை அழிந்ததும் இப்படித்தான். படையெடுப்பில் அழிந்தவை உண்டு. கலவரத்தில் எரிந்தவையும் உண்டு. அவற்றை நாம் மறக்கவில்லை, எழுதியும் வைத்திருக்கிறோம். ஆனால் திருத்த வேலையிலும், விஸ்தரிப்பிலும், "ஊர் முன்னேற்றத்திலும்" அழிந்தவற்றுக்குக் கணக்கே இல்லை. அவற்றை அழித்தவர்கள் நாமே என்பதால் யாரிடமும் முறைப்பாடு செய்யவும் வழியில்லை.

இன்னொரு கல்லையும் நினைக்க வேண்டும். கொழும்பில் கிடைத்த கூஃபி எழுத்துக் கல்வெட்டு, ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு முஸ்லிமின் மீஸான் கல். பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் அதன் வாசகத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் மொழிபெயர்ப்பிக்காமல் விட்டிருந்தால், ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே இந்த மண்ணில் முஸ்லிம்கள் வாழ்ந்து மௌத்தானார்கள் என்பதற்கு இவ்வளவு வலுவான சான்று நம் கையில் இருந்திராது. ஒரே ஒரு கல்! அதன் காலத்தவர் எத்தனை பேருக்கு மீஸான் நாட்டப்பட்டதோ, அவையெல்லாம் எந்த அத்திவாரத்துக்குள் போயினவோ! இன்றும் மையவாடியைத் துப்புரவு செய்கிறோம் என்று சொல்லிப் பழைய மீஸான் கற்களைப் பிடுங்கி ஒரு மூலையிற் குவிக்கும் ஊர்கள் இருக்கின்றன. கொஞ்ச நாளில் அந்தக் குவியல் மதிலுக்குக் கல்லாகிவிடும்.

இனிப் பள்ளிவாசல்களுக்கு வருவோம். குவிமாடமும் உயர்ந்த மினாராவும் இல்லாவிட்டால் அது பள்ளி இல்லை என்று நமது பிள்ளைகள் நினைக்கும் காலம் இது. நம் முன்னோர்களின் பள்ளிகள் அப்படி இருக்கவில்லை. பீலி ஓட்டுக் கூரை, மரத்தூண் நிறுத்திய விறாந்தை, தடித்த கபுக்கல் அல்லது முருகைக்கல் சுவர், வுழூச் செய்ய ஹவுழு, செதுக்கு வேலை செய்த மிம்பர் என்று அவை இந்த நாட்டு மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ற கட்டடங்களாக இருந்தன. இந்த நாட்டுத் தச்சனும் கொத்தனும் தமக்குத் தெரிந்த வேலையைச் செய்தார்கள். அதனால் பள்ளிக்குப் பள்ளி சாயல் மாறியது. காலிக் கோட்டையில் வெளிச்சவீட்டுக்கு எதிரே நிற்கும் மீரான் ஜும்ஆப் பள்ளியை முதன்முதலிற் பார்ப்பவர் அதைத் தேவாலயம் என்றே நினைப்பார். 1904இல் கட்டப்பட்ட அதன் முகப்பு அப்படி. புறக்கோட்டையில் 1908இல் தொடங்கி 1909இல் முடிந்த ஜாமிஉல் அல்ஃபார், அதாவது நமது சம்மாங்கோட்டுப் பள்ளி, சிவப்பும் வெள்ளையுமாய் இன்னொரு உலகம். அதன் வடிவத்தை அமைத்தவர் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை. ஐந்து வருட இடைவெளியில், ஒரே கரையோரத்தில், இப்படி இரண்டு பள்ளிகள்! யாரோடு வியாபாரம் செய்தோம், எந்த ஊர்க் கட்டடங்களைப் பார்த்தோம், யாருடன் அயலவராக இருந்தோம் என்பதெல்லாம் இந்தச் சுவர்களில் எழுதியிருக்கிறது. ஒரே அச்சிலான கொங்கிரீட் குவிமாடத்தை எல்லா ஊரிலும் தூக்கி வைக்கும்போது இந்த எழுத்து அழிகிறது.

"அப்ப ஜும்ஆக்கு வாற சனம் எங்க நிக்கிற?" என்று ஒரு நிர்வாகி கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. ஊர் பெருத்துவிட்டது. நூறு பேருக்குக் கட்டிய பள்ளியில் ஆயிரம் பேர் தொழ வேண்டியிருக்கிறது. கூரை ஒழுகுகிறது, வளையைக் கறையான் தின்கிறது, ஒவ்வொரு மாரிக்கும் செலவு. பழைய கூரையைத் திருத்தப் பணம் கேட்டால் கை நீளாது. புதுப் பள்ளி என்றால் வெளிநாட்டுத் தனவந்தரும் தருவார், உள்ளூர்ச் செல்வந்தரும் தருவார், பெயர்க்கல்லும் வைக்கலாம். இதையெல்லாம் மறைத்துவிட்டு "பாரம்பரியத்தைப் பேணுங்கள்" என்று வெறுமனே எழுதுவதில் பயனில்லை. இடம் போதாது என்பது உண்மை. ஆனால் இடம் போதாவிட்டால் உடைக்கத்தான் வேண்டும் என்பது உண்மையல்ல.

சம்மாங்கோட்டுப் பள்ளியே அதற்குச் சாட்சி. தொடக்கத்தில் அங்கே 1500 பேர் தொழலாம். 1975இல் ஹாஜி உமர் நம்பிக்கை நிதியத்தின் உதவியோடு பக்கத்துக் காணிகளை வாங்கி, 1976இல் விஸ்தரிப்பைத் தொடங்கினார்கள். 10,000 பேர்வரை தொழும் இடமாக அது வளர்ந்தது. பழைய சிவப்பு முகப்பு அப்படியே நின்றது. இன்று கொழும்புக்கு வரும் உல்லாசப் பயணி தேடி வந்து படம் பிடிப்பது அந்த முகப்பைத்தான்.

கேரளத்தின் கொடுங்கல்லூரில் நடந்ததோ இன்னும் யோசிக்க வைப்பது. அங்குள்ள சேரமான் ஜும்ஆப் பள்ளியை 1974இல் கொங்கிரீட்டால் பெருப்பித்து, குவிமாடமும் மினாராவும் வைத்தார்கள். பழைய ஓட்டுக்கூரைத் தோற்றம் மறைந்துபோயிற்று. பல வருடங்களுக்குப் பின் முசிறி மரபுரிமைத் திட்டத்தின் கீழ் அந்தப் பிற்காலச் சேர்க்கைகளை அகற்றி, பழைய வடிவத்தை மீட்டார்கள். கூடுதல் சனத்துக்கு நிலத்துக்கு அடியிலே தொழுகை மண்டபம் கட்டினார்கள். இது எல்லா ஊருக்கும் சரிவராதுதான்; நமது கிழக்குக் கரையில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். ஆனாலும் ஒரு பாடம் இருக்கிறது. ஒருமுறை கட்டி, பிறகு அதை உடைத்து, மறுபடி பழையதைத் தேடுவதற்கு இரண்டு செலவு. பழையதை விட்டுவிட்டுப் பக்கத்தில் கட்டினால் ஒரு செலவு.

"மக்காவுலயே ஒடச்சிக் கட்டுறாங்க தானே" என்றும் சிலர் சொல்வதுண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உஸ்மானியர் கட்டிய அஜ்யாத் கோட்டை 2002இல் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் வானுயர் கட்டடத் தொகுதி எழுந்தது உண்மை. துருக்கி அதைக் கடுமையாகக் கண்டித்ததும் உண்மை. ஆனால் அதே நாடுதான் ஜித்தாவின் பழைய நகரை, முருகைக்கல் வீடுகளோடும் மரப் பலகணிகளோடும், உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்க முன்வந்தது. 2014இல் அது பட்டியலில் ஏறியது. ஹஜ்ஜாஜிகளின் கூட்டத்துக்கு இடம் தேடும் ஹரம் ஷரீஃபின் நெருக்கடி வேறு, முந்நூறு குடும்பம் உள்ள நம் ஊரின் தேவை வேறு. முன்மாதிரி எடுப்பதென்றால் அஜ்யாதைப் போலவே ஜித்தாவையும் பார்க்க வேண்டாமா?

உடைப்பதால் மட்டும் அழிவு வருவதில்லை. நல்லெண்ணத்தோடு செய்யும் திருத்தமும் அழிக்கும். இதில் முதற் குற்றவாளி சீமெந்து. பழைய முருகைக்கல், கபுக்கல் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டவை. அவை நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சின் வழியே அதை வெளியே விடும். அதன் மேல் சீமெந்தைப் பூசினால் ஈரம் உள்ளே அடைபடுகிறது. கடற்கரை ஊர்களில் ஈரத்தோடு உப்பும் சேர்ந்து, பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, கல்லைப் பொடியாக்குகிறது. நாலைந்து வருடத்தில் பூச்சு பாளம் பாளமாக விழும். விழும்போது பழைய கல்லையும் சேர்த்துக்கொண்டு விழும். "பழைய செவரு, இனித் தாங்காது" என்று மேஸ்திரி சொல்வார். சுவர் தாங்காமற் போனது பழமையால் அல்ல, மூடை மூடையாகப் பூசிய சீமெந்தால். சுவருக்கு டைல்ஸ் ஒட்டினாலும் இதே கதைதான். மிம்பரின் செதுக்கு வேலைக்குமேல் எனாமல் பெயின்ற் அடிப்பதும், அரபு எழுத்துள்ள பலகையைத் தூக்கிவிட்டுப் பிளாஸ்டிக் போர்ட் மாட்டுவதும் சின்ன விஷயங்கள் போலத் தெரியும். ஆனால் போனது போனதுதான்.

1964இன் வெனிஸ் சாசனம் இத்துறையில் உலகம் ஏற்ற அடிப்படை. ஊகம் தொடங்கும் இடத்தில் மீளமைப்பு நிற்க வேண்டும், புதிதாய்ச் சேர்ப்பது புதிது என்று தெரிய வேண்டும், ஒரு கட்டடத்தில் ஒவ்வொரு காலமும் சேர்த்ததற்கு மதிப்பிருக்க வேண்டும் என்பன அதன் சாரம். இவை நமக்கு அந்நியமான கருத்துகளல்ல. அச்சாசனத்தை அடியொற்றி இயங்கும் இகோமோஸ் என்ற உலக அமைப்புக்கு 1990களில் தலைவராக இருந்தவர் இலங்கையரான கலாநிதி ரோலண்ட் சில்வா.

சட்டம் என்ன செய்கிறது? 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2ஆம் திகதியை ஒரு எல்லையாக வைத்திருக்கிறது. அதற்குப் பிந்திய கட்டடத்தை அமைச்சர் வர்த்தமானி மூலம் பிரகடனப்படுத்தினால்தான் பாதுகாப்பு. இன்று நிற்கும் நமது பள்ளிகளிற் பெரும்பாலானவை அந்த எல்லைக்குப் பிந்தியவை. பள்ளிகளும் தர்ம நம்பிக்கைப் பொறுப்புகளும் வக்புகளும் பற்றிய 1956இன் 51ஆம் இலக்கச் சட்டமோ நிர்வாகம், சொத்து, கணக்கு என்பவற்றைத்தான் முதன்மையாகப் பார்க்கிறது. ஆகவே ஒரு நூற்றாண்டுப் பள்ளியின் தலைவிதி, நடைமுறையில், நம்பிக்கையாளர் சபையின் ஒரு கூட்டத்தில் தீர்மானமாகிவிடுகிறது.

இங்கே ஒரு அச்சமும் இருக்கிறது. அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. "தொல்பொருள்காரன் வந்தா காணியும் போகும்" என்று நம் மக்கள் சொல்கிறார்கள். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கென அமைத்த ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. கூரகலையில் ஜெய்லானி பள்ளியைச் சுற்றி நடந்தவை எல்லோரும் அறிந்தவை. இப்படியிருக்க, பழையதைக் காட்டிக்கொள்ளாமல் புதிதாகக் கட்டிவிட்டால் பிரச்சினை இல்லை என்று ஊரார் நினைப்பதில் வியப்பில்லை.

ஆனால் அந்த நினைப்பு நம்மையே வெட்டும் கத்தி. நாளைக்கு ஒருவர் "நீங்க எப்ப வந்த?" என்று கேட்டால், 2015இல் கட்டிய மாபிள் பள்ளியைக் காட்டி என்ன பதில் சொல்வது? ஜெய்லானி விவகாரத்தில் நமக்குக் கைகொடுத்தவற்றுள் ஒன்று, எம்.எல்.எம். அபூசாலி அவர்கள் 2002இல் அந்தக் குகைப் பள்ளியின் வரலாற்றை நூலாக எழுதி வைத்திருந்தது. பழைய கட்டடமும் பழைய ஆவணமும்தான் உறுதி. அவற்றை நாமே அழித்துவிட்டு, நமது வரலாற்றை மற்றவர்கள் மறுக்கிறார்கள் என்று அழுவதில் அர்த்தமில்லை.

கட்டடம் மட்டும் பிழைத்தாலும் போதாது என்பதைக் காலிக் கோட்டை காட்டுகிறது. 1988இல் அது உலக மரபுரிமைத் தலமானது. 1994இல் சட்டம் இயற்றிக் காலி மரபுரிமை மன்றம் அமைத்தார்கள். சுவர்களுக்கும் தெருக்களுக்கும் காவல் கிடைத்தது. ஆனால் 2000களுக்குப் பின் பழைய வீடுகளின் விலை ஏறிக்கொண்டே போக, தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் பல விற்றுவிட்டு வெளியேறின. வீடுகள் ஹோட்டலாகவும் கடையாகவும் மாறின. வீடு அழகாக நிற்கிறது. அந்த வீட்டில் மௌலூது ஓதியவர்களும், பெருநாளுக்கு வட்டிலப்பம் அனுப்பியவர்களும் இல்லை. பழையதைப் பேணுவதென்றால் அதிலே வாழ்பவர்களுக்கு வாழ வழி செய்வதும் சேர்த்துத்தான்.

ஆகவே நிர்வாக சபைகளிடம் கேட்பது பெரிய காரியமல்ல. உடைக்கத் தீர்மானித்தாலும் சரி, திருத்தத் தீர்மானித்தாலும் சரி, முதல் சம்மட்டி விழும் முன் சில வேலைகள் செய்யலாம். கட்டடத்தை உள்ளும் புறமும் படம் பிடியுங்கள். நீளம், அகலம், உயரம் அளந்து வரைபடம் வரையுங்கள். ஊரில் படம் வரையத் தெரிந்த ஒரு பிள்ளை நிச்சயம் இருக்கும். சுவரிலும் மரத்திலும் கல்லிலும் உள்ள அரபு, அரபுத்தமிழ் எழுத்துகளை வாசித்து எழுதுங்கள்; வாசிக்க முடியாவிட்டால் படமாவது எடுங்கள். மீஸான் கற்களுக்கு இலக்கமிட்டு, நின்ற இடத்தைக் குறியுங்கள். கழற்றும் கதவு, தூண், மிம்பர் எதையும் விறகுக்கோ விலைக்கோ கொடுக்காதீர்கள். பழைய கூட்டக் குறிப்பேடு, உறுதி, கிதாபு, நன்கொடைப் பட்டியல் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனைத் தேடி, சீமெந்துக்காரருக்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எண்பது கடந்த பெரியவர்களிடம் பள்ளியைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். இந்த வேலைக்கு மட்டும் தாமதம் கூடாது.

இவ்வளவையும் செய்து முடிப்பதற்குள் பல சபைகளுக்கு உடைக்கும் எண்ணமே மாறிவிடக்கூடும். மாறாவிட்டாலும், அந்த ஊருக்கு ஒரு பள்ளி இருந்தது, அது இப்படி இருந்தது, இன்னின்னார் கட்டினார்கள் என்று பேரப்பிள்ளைகளிடம் கொடுக்க ஒரு கோப்பாவது மிஞ்சும்.