உஷ்னாவும் சாயவேரும்: ஒரு தீவின் தாவரப் பதிவு

தாவரவியல் வரலாற்றில் அபூஹனீஃபா அத்தீனவரி (மறைவு ஹி. 282 / கி.பி. 895) அவர்களுக்குத் தனியிடம் உண்டு. அவர் இயற்றிய 'கிதாபுந் நபாத்' மருந்துச் சரக்குகளை மட்டும் அடுக்கித் தந்த நூலன்று. ஒவ்வொரு செடிக்கும் நாடோடி அரபிகள் வழங்கிய பெயர், அது முளைக்கும் நிலம், அதனால் விளையும் பயன் ஆகியவற்றை அவர்களது வாய்மொழியிலிருந்தும் முன்னோரின் ஏடுகளிலிருந்தும் திரட்டித் தந்த கருவூலம் அது. செய்தி யாரிடமிருந்து கிடைத்தது என்பதையும் பல இடங்களில் அவர் சுட்டிச் செல்கிறார். ஹதீஸ் கலையில் இஸ்னாதைப் பேணிய சமுதாயம், செடிகொடி பற்றிய அறிவிலும் சொன்னவரை மறக்கவில்லை.

அந்நூல் நமக்கு முழுமையாகக் கிட்டவில்லை. சில பகுதிகளே எஞ்சின. இழந்தவற்றுள் ஒரு பெரும் பகுதியை, பிற்கால நூல்களில் காணப்படும் மேற்கோள்களைக் கொண்டு மீட்டு 1973இல் கெய்ரோவில் வெளியிட்டவர் ஹைதராபாத் தந்த பேரறிஞர் டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ் ஆவார். எழுதி வைத்ததால்தான் மீட்க முடிந்தது. எழுதப்படாத அறிவை எவராலும் மீட்க இயலாது.

இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு நமக்கு அண்மையிலுள்ள ஒரு தீவை நோக்குவோம். புதுவாயல், கும்மிடிப்பூண்டிப் பகுதிக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கிறது. அந்த ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடப்பது ஸ்ரீஹரிகோட்டா. இன்று ஏவுதளத்தால் உலகறிந்த அத்தீவு, பாலை, நாவல், காயா முதலிய மரங்கள் செறிந்த உலர் பசுமைமாறாக் காட்டுக்கும் உரியது. அக்காட்டை அறிந்தவர்கள் யானாதி மக்கள். 1835இல் தீவு ஆங்கில அரசின் வசமானது. அதன்பின், அவர்கள் சேகரித்த சாயவேர், எட்டி, நன்னாரி, பிரம்பு, தேன், மெழுகு ஆகியவை அரசின் வருவாய்ப் பொருள்களாயின. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பில் இம்மக்கள் விரிவாகப் பேசப்படுகின்றனர்.

சாயவேர் என்னும் இம்பூறல், தரையோடு படரும் எளிய பூண்டு. அதன் வேர்ப்பட்டையைப் படிகாரத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் துணியில் சிவப்பு நிலைத்து நிற்கும். டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டிய பழவேற்காட்டிலிருந்து கடல்கடந்து சென்ற துணிகளின் புகழுக்கு இச்சிவப்பும் ஒரு காரணம். 1869இல் ஜெர்மானிய வேதியியலார் அலிசரின் சாயத்தைச் செயற்கையாக உருவாக்கியபின் வேருக்கு விலையில்லாது போயிற்று. வேரைத் தேடும் கண்ணும் மெல்ல அருகிற்று.

1969இல் தீவு ஏவுதளத்திற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. வாழ்ந்திருந்த குடும்பங்கள் பல இடம்பெயர்க்கப்பட்டன. அதே வேளையில், அயலார் நுழைவு தடைப்பட்டதால் காடு பெருமளவு தப்பிற்று. 1980களின் இறுதியில் சூரியநாராயணா முதலானோர் தீவின் தாவரங்களைத் தொகுத்து நூலாக்கினர். இப்பணி பெரிதும் போற்றத்தக்கது. எனினும் இலத்தீன் பெயர் செடிக்கு அடையாளம் தரும். எந்த மாதத்தில் வேர் முதிரும், எந்த மண்ணில் நிறம் ஆழும் என்பதை அகழ்ந்த கைகளே சொல்ல வேண்டும்.

பூக்கும் செடிகளின் நிலையே இதுவாயின், பூவாதவற்றின் நிலை என்ன? மரப்பட்டையில் சாம்பல் நிறத் திட்டுகளாய்ப் படியும் லைக்கனைப் பெரும்பாலோர் மரத்தின் நோயென்றே எண்ணுகின்றனர். உண்மையில் அது பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் ஓர் உயிரமைப்பு. நம் இல்லங்களில் பிரியாணிக்கு மணம் சேர்க்கும் கல்பாசியும் இவ்வினத்தைச் சார்ந்ததே. அரபு மருத்துவர்கள் இவ்வினத்தை 'உஷ்னா' என்றழைத்தனர். இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலில் அதன் மருத்துவக் குணங்களை எடுத்துரைக்கிறார். இன்றைய தாவரவியலில் லைக்கன் பேரினம் ஒன்றுக்கு வழங்கும் 'உஸ்னியா' என்னும் பெயர் இவ்வரபுச் சொல்லின் வழிவந்ததே. இந்திய லைக்கன்களைப் பற்றிய ஆய்வுக்கு இருபதாம் நூற்றாண்டில் அடித்தளமிட்டவர் லக்னோவின் டி.டி. அவஸ்தி ஆவார்.

லைக்கனுக்கு வேரில்லை, வேண்டிய நீரையும் சத்தையும் காற்றிலிருந்தும் மழையிலிருந்துமே பெறுகிறது. எனவே காற்றின் நஞ்சும் அதனுள் நேரே புகுந்துவிடும். 1866இலேயே பாரிஸ் நகரின் லைக்கன்களை ஆராய்ந்த நைலாண்டர், காற்றின் தூய்மைக்கு அவை சான்று பகர்வதைக் கண்டுரைத்தார். நிலக்கரி எரிகையில் வெளிப்படும் கந்தக டை ஆக்சைடு அவற்றுள் பலவற்றுக்குப் பகை. அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையும் நடுவே வாழும் நமக்கு இச்செய்தி அயலானதன்று. ஆனால் நேற்று எவை இருந்தன என்ற பட்டியல் இல்லையேல், இன்று எவை மறைந்தன என்று எவ்வாறு கூறுவது? பதிவு இல்லாத இழப்புக்கு வழக்கும் இல்லை, வாதியும் இல்லை.

இப்பணிக்குப் பெரும் ஆய்வகம் வேண்டுவதில்லை. ஒரு பள்ளிவாசலின் பழஞ்சுவர், கப்ருஸ்தானின் வேப்பமரம், ஏரிக்கரைப் பனை ஆகியவற்றை ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் உற்று நோக்கி, நாளையும் இடத்தையும் குறித்து வைப்பது எந்த மாணவருக்கும் எளிது. அறியாதவற்றின் பெயரை வல்லுநரிடம் கேட்கலாம். ஏரிக்கரையில் வாழும் யானாதி முதியோரை அணுகி, அவர்கள் சொல்லும் பெயரை அவர்கள் மொழியிலேயே எழுதி, சொன்னவரின் பெயரையும் அவர் இசைவுடன் அருகில் பொறிக்கலாம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் தீனவரி காட்டிச் சென்ற வழி இதுவே. அவ்வழியில் நடக்க நமக்குத் தேவை ஒரு குறிப்பேடும் சிறிது பொறுமையும் மட்டுமே.